பிள்ளையார் அச்சும் மாதா அச்சும்

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில்வே ஜங்ஷன். பழமலைநாதர் கோயில். 2006-ல் விஜயகாந்த் முதன்முதலாக ஜெயித்துச் சட்டசபைக்குப் போன தொகுதி. கொஞ்சம் வயசானவராக இருந்தால், பீங்கான். ஒருகாலத்தில் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளைவெளேரென்று ஃபியூஸ் கட்டை இருந்ததே, அது இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் சுவிட்சுகள் வந்து கட்டையின் மவுசு குறைந்தாலும் பொம்மை, அகல் விளக்கு என்று பட்டறைகளில் வேலை நடக்கத்தான் செய்கிறது.

அப்படி ஒரு பட்டறையில் கொஞ்ச நாள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு பாதியாகப் பிளந்த பிளாஸ்டர் அச்சை ரப்பர் போட்டுக் கட்டி, மேலே இருக்கும் ஓட்டை வழியாக, தோசை மாவு பதத்தில் கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்சுவரில் மண் தோல் மாதிரி படிகிறது. மிச்ச மாவைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்றுநேரம் காயவிட்டு அச்சைப் பிரித்தால்... பிள்ளையார்!

பக்கத்து அச்சைப் பிரித்தார். மாதா.

"ஒரே மாவுதான் சார். அச்சுதான் வேற" என்று சிரித்தார். அவர் கத்தோலிக்கர். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு கூட்டத்துல பேச வந்த போதகர் கேட்டாரு சார், 'வேதக்காரனா இருந்துக்கிட்டு விக்கிரகம் செய்யிறியே, மனசு உறுத்தலியா?'ன்னு. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்ல. அது போகட்டும், எங்க தலைமுறை. பையன் விடிய விடிய செல்போனோட கிடக்கான். பொண்ணு சென்னையில ஐ.டி. கம்பெனி, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறாளா இல்லியான்னு கேக்கவே பயமா இருக்கு. இந்தக் காலத்துல கெட்டுப்போகாம வேதத்துல நிக்கிறது எப்படி சார்? எழுதுறவரு நீங்க, சொல்லுங்க."

நான் படித்தது பி.காம். வேத சாஸ்திரத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் அவரிடம் சொல்ல முடிந்தது. இது செல்போன் காலத்துக் கேள்வி இல்லை. வயது 1,800-க்கு மேல் ஆகிறது.

இன்றைக்கு துனிசியா என்கிறோமே, அங்கே கார்த்தேஜ் என்று ஒரு ரோமானிய நகரம். கி.பி. 200-ஐ ஒட்டி அங்கே வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், விருத்தாசலத்துக்காரரின் பிரச்னையை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். சிலை செய்து பிழைக்கும் ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாமா? கூடாது. கோயிலுக்குச் சாம்பிராணி விற்பவன்? கூடாது. பள்ளிக்கூட வாத்தியார்? தேவர்களின் கதைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதுவும் சந்தேகம்தான். 'பிழைக்க வேண்டாமா ஐயா?' என்று கேட்டவர்களிடம் அவர் இரக்கமே காட்டவில்லை. கறாரான மனிதர்.

தெர்த்துல்லியன் வழியில் போனால் விஷயம் சுலபம். ஊரை விட்டு ஒதுங்கிவிடலாம். ஆனால் ஊருக்குள்ளேயே இருந்து, அண்டை வீட்டுக்காரன் பேசும் மொழியைப் பேசி, அவன் கட்டும் வேட்டியைக் கட்டி, அவன் சாப்பிடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு வேதத்தில் நிற்பது எப்படி? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகமாக மண்டையை உடைத்துக்கொண்ட இடங்களில் ஒன்று நம் தமிழ்நாடு. சுமார் 140 வருடம் நடந்த பஞ்சாயத்து அது.

ஆரம்பம் மதுரையில். 1606-ல் ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் அங்கே வந்து சேர்கிறார். வயது 29. ஏசு சபையைச் சேர்ந்தவர், நல்ல குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு முன்பே அங்கே கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஆனால் மதுரைக்காரர்கள் மதம் மாறுவதாக இல்லை. காரணத்தை நோபிலி கண்டுபிடித்தார். கிறிஸ்தவம் என்றால் ஜனங்களுக்குப் புரிந்த அர்த்தம் 'பரங்கி மார்க்கம்'. மாட்டுக்கறி, சாராயம், குளிக்காத தேகம், காலில் தோல் செருப்பு. அதில் யார் சேருவான்?

நோபிலி கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி கட்டினார். குடுமி, சந்தனம், பூணூல், பாதக்குறடு. ஒருவேளை சைவச் சாப்பாடு. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு மூன்றையும் படித்தார். 'இதெல்லாம் மதம் இல்லை, சமூக அந்தஸ்தின் அடையாளம். ஐரோப்பாவில் பிரபு வாள் கட்டிக்கொள்வதில்லையா, அப்படி' என்பது அவர் வாதம்.

ஃபெர்னாண்டஸ் கொதித்துப்போய்ப் புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் விசாரணை. கடைசியில் 1623 ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரகரி தீர்ப்புச் சொன்னார்: மூடநம்பிக்கை கலக்காமல் பார்த்துக்கொண்டால் பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். நோபிலிக்கு வெற்றி!

ஆனால் வாசகரே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம்தான். 'மதம்' என்று ஒரு பக்கம், 'சமூக வழக்கம்' என்று ஒரு பக்கம். நோபிலி எழுதிய கணக்கில் குடுமியும் சந்தனமும் இரண்டாவது பக்கத்தில் விழுந்தன. சரி. கூடவே சாதியும் அதே பக்கத்தில் விழுந்தது. மேல்சாதியாரைச் சேர்க்கிற குரு கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு புழங்கக் கூடாது. புழங்கினால் இவரை எவனும் வீட்டில் சேர்க்கமாட்டான். 1640-லிருந்து அந்த மக்களுக்கென்று 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகைப் பாதிரிமார்கள் ஏற்பட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனாலும் ஒரே சபைக்குள் இரண்டு வாசல் திறந்தாகிவிட்டது.

சாதியை விடுங்கள், எச்சிலுக்கு வருவோம். ஆமாம், எச்சில்! அந்தக் கால ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். ஏசுநாதர் ஊமைச் செவிடனைக் குணமாக்கிய சம்பவத்தின் நினைவாக. ரோமில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நம்மூரில் செய்து பாருங்கள்! பெற்ற தாயே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். மதுரை மிஷன் பாதிரிமார்கள் சத்தமில்லாமல் அந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள். ரோமுக்கு மூக்கு வியர்த்தது.

1703 நவம்பரில் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார் டூர்னோன் என்ற பெரிய மனிதர். சீனாவில் இதேபோல் ஒரு சடங்குச் சண்டை. அதை விசாரிக்கப் போகிற வழியில் இதையும் விசாரிக்க உத்தரவு. வந்த இடத்தில் உடம்புக்கு முடியவில்லை. உள்நாட்டுக்குப் போய் ஒரு கிறிஸ்தவக் கிராமத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. புதுச்சேரியிலேயே எட்டு மாதம் தங்கி, இரண்டு ஏசு சபைப் பாதிரிமார்களைக் கூப்பிட்டு விசாரித்தார். 1704 ஜூலை 8-ம் தேதி 16 அம்ச ஆணையை வெளியிட்டார். மூன்றாம் நாள் கப்பலேறிப் போய்விட்டார்! (சீனாவிலும் அவருக்கு நல்ல காலமில்லை. 1710-ல் மக்காவில் காவலில் இருந்தபடியே இறந்துபோனார்.)

அந்த 16 அம்சங்களையும் படித்தால் 300 வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கிறிஸ்தவ வீடு கண்முன்னால் வருகிறது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. சிலுவையோ மாதாவோ போட்டுக்கொள்ளலாம். தாலிக் கயிற்றில் 108 இழை கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்து சகுனம் பார்க்காதே. ஆறேழு வயதில் பரிசம் போடாதே. பெண் பெரியமனுஷியானதை ஊரைக் கூட்டிக் கொண்டாடாதே. சாணிச் சாம்பலை நெற்றியில் பூசாதே. எச்சிலை விடாதே. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில்களில் வாசிக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதைப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது ஒரு நிமிடம் கையை நிறுத்தினார். "அப்ப என் கேஸ் பழசு" என்றார்.

இன்னும் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. மாதவிலக்கான பெண்ணைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரக் கூடாது என்று தடுக்காதே. அப்புறம், பறையர் வீட்டில் ஒருவன் சாகக் கிடந்தால், குருவானவர் அந்த வீட்டுக்கு நேரில் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். நோயாளியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லக் கூடாது.

டூர்னோனை நான் நோயாளித் தூதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மண்ணைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிய ஆள். தாலி நூலை எண்ணிக்கொண்டிருந்தவர். ஆனால் இந்த இரண்டு அம்சங்களைப் படித்ததும் என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் மண்ணை நன்றாக அறிந்த, நம் மொழியைக் கரைத்துக் குடித்த பாதிரிமார்கள் தொடத் தயங்கிய இடத்தில் அந்த வெளியூர்க்காரர் கை வைத்திருக்கிறார்.

ஏசு சபையினர் விடவில்லை. அப்பீல் மேல் அப்பீல். நடுவில் ஒரு விசித்திரம். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தரை, அதாவது ஜான் டி பிரிட்டோவை, முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கும் முயற்சி ரோமில் நடக்கிறது. 'இவரும் அந்த மலபார் சடங்குகளை அனுமதித்தவர்தானே?' என்று ஆட்சேபணை! (தமிழர்களை அன்றைய ஐரோப்பியர்கள் மலபாரிகள் என்றுதான் சொன்னார்கள்.) வேதத்துக்காகத் தலையையே கொடுத்தவர் மேல், குடுமி சந்தனத்துக்காக விசாரணை. அது தடையில்லை என்று 1741-ல் போப் பதினாலாம் பெனடிக்ட் சொன்ன பிறகும் பிரிட்டோ 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோதுதான் நம் விருத்தாசலம் பக்கம் ஒருவர் வருகிறார். பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் இந்தியாவில் கால்வைத்தவர். தமிழர்களுக்கு அவர் வீரமாமுனிவர். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான்.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் பக்கம் கோணான்குப்பம் என்று ஒரு ஊர். அங்கே வீரமாமுனிவர் ஏற்படுத்திய மாதா கோயில். காட்டு வழியில் அவர் தொலைத்த சுரூபத்தை மாடு மேய்க்கிற பிள்ளைகள் கண்டெடுத்ததாகவும், முகாசாபரூர் கச்சிராயர் மாதாவை வேண்டிப் பிள்ளைவரம் பெற்றதாகவும், பிறகு மணிலாவிலிருந்து புது சுரூபம் வந்ததாகவும் ஊரில் கதை சொல்வார்கள். தேம்பாவணியை இங்கேதான் எழுதினார் என்றும் சொல்வார்கள். கதைகள் இருக்கட்டும். கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். மாதா புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். பெயர், பெரியநாயகி அன்னை.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மன் பெயர் என்ன? விருத்தாம்பிகை. தமிழில், பெரியநாயகி!

தாலியில் பிள்ளையார் கூடாது, கதைப் புத்தகங்களைப் படிக்காதே என்று ரோமின் ஆணை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இவரோ மாதாவுக்கு அம்மன் பெயரை வைத்து, சூசையப்பரை 'வளன்' ஆக்கி, மூன்று காண்டம், 3,615 பாட்டில் காவியம் எழுதுகிறார். அதில் வருகிற யூதேயா தேசத்தைப் படித்தால் காவிரிக்கரை மாதிரி இருக்கும். சமரசம் என்று சொல்வீர்களா, விசுவாசம் என்று சொல்வீர்களா? எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. ஒரு மொழியை நேசித்தால் மதம் கரைந்துபோகும் என்று பயப்படாத மனிதர் அவர்.

1744 செப்டம்பர் 12-ல் பதினாலாம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு எழுதினார். டூர்னோன் ஆணை பெரும்பாலும் நிலைத்தது. எச்சிலுக்கு மட்டும் தற்காலிக விலக்கு. இங்கே வேலைக்கு வரும் பாதிரிமார்கள் இதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். (அந்தச் சத்தியத்தை ரோம் 1940-ல்தான் எடுத்தது.) பறையர் வீட்டு விஷயம்? 'அந்த வீடுகளுக்குப் போக நாங்களே தனியாகச் சில பாதிரிமார்களை ஒதுக்கிவிடுகிறோம்' என்று ஏசு சபையினர் சொன்ன யோசனையை போப் ஏற்றுக்கொண்டார்.

தாலியிலிருந்து பிள்ளையார் போனார். 108 இழை போயிற்று. இரண்டு வாசல் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டது.

அது எவ்வளவு கெட்டியாக நின்றது என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். 1872-ல் அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோயில் வித்தியாசமானது. பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு மண்டபங்கள் பிரிந்து போகும். ஒன்று வேளாளருக்கு, இன்னொன்று நாடாருக்கு. இருவரும் ஒரே பூசையைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது! அந்தக் கொத்தனாரின் மூளையை மெச்சுவதா, அழுவதா என்று தெரியவில்லை. 1910-ஐ ஒட்டி கௌசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தடுப்பை எடுத்துவிட்டார். 'எங்கள் உரிமை போயிற்று' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

புராட்டஸ்டன்ட்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளிநடப்புச் செய்தார்கள். அற்புதமான தமிழ்க் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம்தான் நின்றார்.

இதற்கு நேர்மாறாக ஒருவர். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அரண்மனை உத்தியோகஸ்தர். ஆனால் ஒதுக்கப்பட்ட சாதியாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. 'தேவசகாயம் பிள்ளை' என்றுதான் ஆவணங்களில் இருந்தது. அவர் உதறிய சாதியை நாம் ஒட்டவைக்கலாமா என்று இங்கிருந்து கடிதம் போக, 2020-ல் வாடிகன் 'பிள்ளை'யை எடுத்தது. 268 வருடம்!

கோணான்குப்பம் வட்டாரத்துக்கே திரும்புவோம். அதே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர். பெரிய கத்தோலிக்க ஊர். வன்னியர் கிறிஸ்தவர்கள் அதிகம், தலித் கிறிஸ்தவர்களும் உண்டு. தங்கள் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போக முடியவில்லை என்பது தலித்துகளின் நெடுநாள் குறை. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9-ம் தேதி தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். அது தவக்காலம் வேறு.

2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களைக் கூப்பிட்டு, சாதி வேற்றுமைக்குச் சபையில் இடம் தரக் கூடாது என்று சொல்லியிருந்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் நடுவில் இரண்டு மூன்று அச்சுகளைப் பிரித்துவிட்டார். ஈரப் பிள்ளையாரின் தும்பிக்கையில் ஒட்டியிருந்த பிசிரைக் கத்தி முனையால் சுரண்டியபடி, "செல்போனப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே சார்" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அப்புறம் நானாகக் கேட்டேன்: "உங்க ஊர்ல கல்லறைத் தோட்டம் ஒண்ணா, ரெண்டா?"

கத்தி நின்றது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு" என்றார். "ஊர் பேரை எழுதிடாதீங்க."

பிள்ளையாரைப் பலகையில் வைத்துவிட்டு, அடுத்த அச்சுக்கு ரப்பர் போட ஆரம்பித்தார். போட்டு முடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "என் பொண்ணும் போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப இதைத்தான் கேட்டா சார். அதுக்கப்புறம்தான் அவ பூசைக்கு வர்றதில்ல."